குரோம் 109-ஐ ஏற்க மறுக்கும் தளங்கள்: சுங்கை சிப்புட் வாசகசாலைக் கணினிகள், விண்டோஸ் 7

#1 வாசகசாலை_மேசை

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வாசகசாலையில் நான்கு மேசைக் கணினிகள் உள்ளன. நான்கிலும் விண்டோஸ் 7, 32 பிட், 4 ஜிபி ரேம், குரோம் 109. ஈபிஎப் (ஊழியர் சேமநிதி) கணக்குப் பார்க்கவும் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் விண்ணப்பிக்கவும் லயத்துக் குடும்பங்கள் இவற்றைத்தான் நம்பியிருக்கின்றன.

இப்போது ஒரு விண்ணப்பப் பக்கம் 403 (அனுமதி மறுப்பு) என்று மட்டும் காட்டி நின்றுவிடுகிறது. ஒரு கட்டுரைத் தளம் "உங்கள் உலாவி சந்தேகப்படும் அளவுக்குப் பழையது" என்கிறது. இன்னொன்றில் "நீங்கள் மனிதர்தானா" பெட்டியில் டிக் அடித்தால், கொஞ்சம் சுழன்றுவிட்டுத் திரும்பவும் அதே பெட்டி வருகிறது. நான்காம் கணினியில் மட்டும் எந்தத் தளம் போனாலும் சான்றிதழ்ப் பிழை. இதே வைஃபையில் கைப்பேசியில் எல்லாம் திறக்கிறது.

லைன் கொடுத்த கம்பெனி அடைத்துவிட்டது, விபிஎன் போடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியா?

#2 கம்பித்தூண்

விபிஎன் வேண்டாம் ஐயா. கதவை யார் சாத்தியது என்று முதலில் பார்ப்போம்.

நம் நாட்டில் தொடர்புத் துறை ஆணையம் ஒரு தளத்தை முடக்கச் சொன்னால், இணையச் சேவை நிறுவனங்கள் அதைப் பெரும்பாலும் தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில்தான் செய்கின்றன. தளத்தின் பெயரைக் கேட்டால் வேறு முகவரியைக் கொடுத்துவிடும். அப்படி நடந்தால் சட்டத்தை மீறியதால் முடக்கப்பட்டது என்ற அறிவிப்பு வரும், அல்லது பக்கம் திறக்காமலே நேரம் கடந்துவிடும், அல்லது பெயர் பொருந்தவில்லை என்று சான்றிதழ்ப் பிழை வரும். பூட்டுக் குறி சரியாக இருந்து, உள்ளே 403 வந்தால் நீங்கள் அந்தத் தளத்தின் சர்வரையோ அதன் முன்னால் நிற்கும் காவல் அடுக்கையோ சரியாகவே தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். அங்கே இருப்பவர்தான் "வேண்டாம்" என்கிறார். லைன் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

உறுதி செய்ய இரண்டு சோதனை போதும். அதே கணினியை ஒருவருடைய கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அதே குரோமில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கும் 403 வந்தால் வலையில் குற்றமில்லை. பிறகு வாசகசாலை வைஃபையில், புது உலாவி இருக்கிற ஒரு மடிக்கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால் பிரச்சினை உலாவிதான். கைப்பேசியில் திறக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால் விடை எனக்கு ஏறக்குறைய தெரிந்துவிட்டது, இருந்தாலும் இரண்டையும் செய்துவிடுங்கள்.

மாறாக, ஹாட்ஸ்பாட்டில் மட்டும் தடை வருகிறது என்றால் அது வேறு நோய். பிரீபெய்ட் சிம்மில் பல பேர் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்கிறார்கள். அதில் யாரோ ஒருவர் செய்த சேட்டைக்கு மற்ற அத்தனை பேரும் மாட்டுவார்கள். ஏரோப்ளேன் மோடை அரை நிமிடம் போட்டு எடுத்தால் பெரும்பாலும் வேறு முகவரி கிடைக்கும்.

#3 செம்பனை_நிழல்

கம்பித்தூண் அண்ணன் சொன்னது சரி. ஏன் இப்படி ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தளக்காரர்மேல் வீண் கோபம் வரும்.

ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் உலாவி தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் சொல்லித்தான் கேட்கும். குரோம் 109 வந்தது 2023 ஜனவரியில். அடுத்த மாதமே வந்த 110-க்கு விண்டோஸ் 10 வேண்டும். ஆகவே விண்டோஸ் 7, 8, 8.1 கணினிகள் எல்லாம் 109-இலேயே உறைந்துவிட்டன. ஏஐ மாடல்களுக்காகப் பக்கம் பக்கமாக அள்ளிக்கொண்டு போகும் தானியங்கி நிரல்களில் பல, தம் பெயரை மறைத்துப் பழைய குரோம் பெயரைச் சொல்லி வருகின்றன. சிறிய சர்வர் வைத்திருப்பவரின் பதிவேட்டில் ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் பழைய குரோம் பெயரில் வந்து குவிந்தால், உண்மையான ஆள் இவ்வளவு பழையதைப் பயன்படுத்த மாட்டார் என்று முடிவு செய்து, குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே எல்லாவற்றையும் மறுத்துவிடுகிறார். வாசகசாலைக்கு வரும் மாணவி அந்த வலையில் சிக்குகிறாள். தடை தவறுதான், ஆனால் உங்களைக் குறிவைத்துப் போட்டதல்ல.

சுழலும் பெட்டி அதே குடும்பம். அந்தச் சோதனை உலாவிக்குள் ஒரு நிரலை ஓட்டி, புதிய வசதிகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கிறது. பழைய உலாவி அதை முடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப வாசலுக்கே வரும். குக்கி அடைத்து வைத்திருந்தாலும் இதே சுழற்சி வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

#4 ரப்பர்விதை

அட, இதுக்கு எதுக்கு இவ்வளவு? உலாவி தன் பேரையும் எண்ணையும் சொல்ற வரியை, அதான் யூசர் ஏஜென்ட்டை, மாத்தற எக்ஸ்டென்ஷன் ஒண்ணு போட்டு, குரோம் புதுசுன்னு சொல்ல வெச்சா 403 போயிடும்ல?

#5 செம்பனை_நிழல்

தம்பி, எண்ணை மட்டும் பார்க்கும் தளத்தில் போகும். மற்ற இடத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். குரோம் 89-இலிருந்து பதிப்பு எண்ணைத் தனித் தலைப்பு வரிகளிலும் சேர்த்து அனுப்புகிறது. எக்ஸ்டென்ஷன் ஒரு வரியை மட்டும் மாற்றினால் ஒரு வரி 109 என்றும் இன்னொன்று வேறு எண் என்றும் சொல்லும். ஒன்றுக்கொன்று முரணாகப் பேசும் உலாவியைத்தான் காவல் அடுக்குகள் முதலில் பிடிக்கும்.

இன்னொன்று, இது அடிக்கடி நடக்கிறது: எப்போதோ போட்ட அந்த எக்ஸ்டென்ஷனை மறந்துவிடுவார்கள். பிறகு உலாவியைப் புதுப்பித்தும் அது பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் உள் அமைப்புப் பக்கத்தில் யூசர் ஏஜென்ட் ஓவர்ரைடு என்ற வரியை யாராவது கையால் எழுதி வைத்திருந்தாலும் இதே கதிதான். புதுப்பித்த பிறகும் தடை போகவில்லையென்றால் எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் அந்த வரியையும் பாருங்கள். வரி இருந்தால் குப்பைத்தொட்டிக் குறியை அழுத்தி நீக்குங்கள். கைப்பேசியில் "டெஸ்க்டாப் சைட்" டிக் இருந்தால் அதையும் எடுங்கள். கைப்பேசி தன்னை மேசைக் கணினி என்று சொல்லிக்கொண்டு நிற்கும்.

#6 கிராணி_மேசை

நான்காம் கணினியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எல்லாத் தளத்திலும் சான்றிதழ்ப் பிழை என்றால் கீழ் வலது மூலையில் கடிகாரத்தைப் பாருங்கள். பிழைக் குறியீட்டில் "டேட் இன்வேலிட்" என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போகிறதென்றால் மதர்போர்டு பேட்டரி செத்துவிட்டது.

சிஆர் 2032, 3 வோல்ட், வட்டமாகச் சில்லறைக் காசு மாதிரி இருக்கும். பட்டணத்தில் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். ஒயரை சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். பக்கப் பலகையைக் கழற்றி, பிடியின் ஓரத்துக் கொக்கியைத் தள்ளினால் பழையது எழும்பி வரும். புதியதில் கூட்டல் குறி மேலே தெரிய வேண்டும். பிறகு கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் தேதி, நேரம் சரிசெய்து சேமித்து, விண்டோஸில் நேர வட்டாரம் கோலாலம்பூர், சிங்கப்பூர், கூட்டல் 8 மணி என்று இருக்கிறதா பாருங்கள். வட்டாரம் தவறாக இருந்து, கண்ணுக்கு நேரம் சரியாகத் தெரிந்தாலும் கணினிக்குள் அது பல மணி நேரம் தள்ளித்தான் இருக்கும். அன்றைக்கே புதுச் சான்றிதழ் எடுத்த தளத்தில் அதுவே பிழையாகும்.

பிழைப் பக்கத்தில் "பரவாயில்லை, தொடர்க" என்று இருந்தால் அழுத்தாதீர்கள், முக்கியமாக ஈபிஎப்பும் வங்கியும் திறக்கும் பொதுக் கணினியில்.

தேதி சரியாகவே இருந்து "அதாரிட்டி இன்வேலிட்" வந்தால் நச்சுநிரல் தடுப்பானைப் பாருங்கள். பழைய தடுப்பான்கள் இடையில் புகுந்து தம் சான்றிதழை நீட்டும். அதன் சந்தா முடிந்திருந்தால் எல்லாத் தளமும் கெடும். அமைப்பில் எச்டிடிபிஎஸ் ஸ்கேன் என்பதை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

#7 மின்னல்_அக்கா

இனி மூன்று கணினிகளுக்கும் மருந்து.

இன்றைக்கே செய்யக்கூடியது ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆர், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. விண்டோஸ் 7-க்கு ஃபயர்ஃபாக்ஸின் கடைசிக் கிளை அதுதான். 2023 ஜூலையில் வந்தது. அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்களின் கெடுவை மொசில்லா பலமுறை நீட்டியிருக்கிறது. 32 பிட் கோப்பையே எடுங்கள். வேறு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவருவதானால், ஓட்டுவதற்கு முன் கோப்பின்மேல் வலது கிளிக், ப்ராபர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ். அங்கே மொசில்லா கார்ப்பரேஷன் என்று இருக்க வேண்டும். அந்தத் தாவலே இல்லையென்றால் கோப்பை அழித்துவிடுங்கள். நிறுவிய பின் ஹெல்ப், அபவுட் ஃபயர்ஃபாக்ஸ் போய்க் கடைசிப் புள்ளி எண் வரை ஏற்றுங்கள். 115.13-க்குக் கீழே நின்றுவிட்டால் பழைய வேர்ச் சான்றிதழ் 2025 மார்ச் 14-இல் காலாவதியானதால் ஆட்-ஆன்கள் முடங்கும்.

குரோமில் சேமித்த புக்மார்க்கை முதலில் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பொதுக் கணினி என்பதால் யாருடைய கடவுச்சொல்லும் அதில் இருக்கக் கூடாது, இருந்தால் இந்தச் சாக்கில் அழித்துவிடுங்கள். குரோமை உடனே நீக்க வேண்டாம், ஒரு வாரம் பக்கத்தில் இருக்கட்டும்.

ஆனால் இதை முழுத் தீர்வாக எண்ணாதீர்கள். 115 என்ற எண்ணும் பழசுதான். திருத்தம் பெற்ற 115 எது, கைவிடப்பட்ட 115 எது என்று பிரித்துப் பார்க்காத தளம் இதையும் விரட்டும். உங்களுக்கு மூன்றில் இரண்டு தளம் திறக்கலாம். மூன்றும் திறக்க வேண்டுமென்றால் அடித்தளத்தையே மாற்ற வேண்டும்.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரைதான். ஆகவே இந்தக் கணினிகளை விண்டோஸ் 10-க்கு ஏற்றக் காசு செலவழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட், அதில் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு போடுங்கள். 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, ஃபயர்ஃபாக்ஸ் எப்போதும் புதிய எண்ணில் இருக்கும்.

அதற்கு 64 பிட் சிப் வேண்டும். 32 பிட் விண்டோஸ் இருப்பதால் சிப்பும் 32 பிட் என்று முடிவு கட்டாதீர்கள். கண்ட்ரோல் பேனலில் பெர்ஃபார்மன்ஸ் இன்ஃபர்மேஷன் போய், விரிவான விவரத்தை அச்சிடும் சுட்டியை அழுத்தினால் "64 பிட் கேப்பபிள்" என்ற வரி இருக்கும். யெஸ் என்றால் போதும். 4 ஜிபி ரேம் தாராளம். மின்ட் கேட்பது குறைந்தது 2. வட்டில் 20 ஜிபி இடம் வேண்டும். பழைய சுழல் வட்டுக்குப் பதில் ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டால் கணினி எழும் நேரம் பல மடங்கு குறையும். கையில் பணம் கொஞ்சம்தான் என்றால் ரேமை விட்டுவிட்டு அதை எஸ்எஸ்டிக்குப் போடுங்கள்.

இறக்கும் கோப்பு 3 ஜிபி அளவு வரும். பிரீபெய்ட் டேட்டாவில் இறக்காதீர்கள். பக்கத்தில் அரசின் நாடி இணைய மையம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, நிறுவாமலே அதிலிருந்து கணினியை எழுப்பி, அந்த மூன்று தளத்தையும் திறந்து பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் எடுக்கிறதா என்பதும் அப்போதே தெரியும். எல்லாம் சரியென்றால் மட்டும் வட்டில் கை வையுங்கள். தமிழ் எழுத்துரு தயாராகவே வரும். தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் சேர்த்தால் தமிழ்99, ஒலிப்பு முறை இரண்டும் கிடைக்கும். அஞ்சல் தட்டச்சு முறை பழகிய கைக்கு ஒலிப்பு முறை நெருக்கமாக இருக்கும்.

#8 ரப்பர்விதை

சூப்பர்மியம்னு ஒண்ணு இருக்கு அக்கா. விண்டோஸ் 7-லயே புது குரோமியம் ஓடுது. அது போதாதா?

#9 மின்னல்_அக்கா

ஓடுகிறது, மறுக்கவில்லை. கட்டுரை படிக்க வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது சிறு கையில் நடக்கும் திட்டம். கூகுள் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தால் அது அங்கே வந்து சேரும்வரை நீ திறந்த வாசலில் நிற்கிறாய். உலாவி புதிதானாலும் கீழே இருக்கும் விண்டோஸுக்கு யாரும் ஓட்டை அடைப்பதில்லை. பிறருடைய ஈபிஎப் கணக்கு திறக்கும் கணினிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன் தம்பி.

#10 பள்ளி_ஆய்வறை

தமிழ்ப்பள்ளிக் கணினி அறைகளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. விண்டோஸ் 10 இருந்தும் உலாவி பழையதாகவே நிற்கிறதென்றால் டீப் ஃபிரீஸ் மாதிரி நிரல் இருக்கிறதா பாருங்கள். மறுதொடக்கம் செய்யும்போதெல்லாம் வட்டைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். காலையில் ஏற்றிய அப்டேட் மாலையில் காணாமல் போகும். உறைவை நீக்கி, மறுதொடக்கம் செய்து, அபவுட் கூகுள் குரோம் திறந்து, ரீலான்ச் அழுத்தி, எண் மாறியதை உறுதி செய்த பிறகே மீண்டும் உறைய வையுங்கள்.

ரீலான்ச் அழுத்தாமல் விடுவதும் பொதுவான தவறு. புதிய பதிப்பு இறங்கிக் காத்திருக்கும், ஓடிக்கொண்டிருப்பது பழையதாகவே இருக்கும். வாரக்கணக்கில் குரோமை மூடாமல் வைத்திருக்கும் அலுவலகங்களில் இது அதிகம். சி வட்டில் இடம் தீர்ந்திருந்தாலும் அப்டேட் நிறுவ முடியாமல் நிற்கும். "அட்மின் நிறுத்தியுள்ளார்" என்று வந்தால் யாரோ கொள்கை அமைத்திருக்கிறார்கள், பொறுப்பாளரிடம்தான் போக வேண்டும்.

#11 லயத்து_விளக்கு

கைப்பேசி பற்றியும் சொல்லுங்களேன். பாட்டிமார் கையில் ஆண்ட்ராய்டு 7, 8 தான் இருக்கிறது.

#12 கம்பித்தூண்

ஆண்ட்ராய்டு 7-க்குக் கடைசிக் குரோம் 119. 8-க்கும் 9-க்கும் கடைசி 138. அதற்குமேல் 10 வேண்டும். ப்ளே ஸ்டோரில் அப்டேட் பொத்தான் வராததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். செட்டிங்ஸ், அபவுட் ஃபோன் போய் எந்தப் பதிப்பு என்று பாருங்கள், அங்கேயே சிஸ்டம் அப்டேட் காத்திருந்தால் முதலில் அதை ஏற்றுங்கள்.

7.1.1-க்கு முந்தைய கைப்பேசியில் இன்னொரு சிக்கலும் உண்டு. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் புதிய வேரை அது அறியாது. எத்தனையோ சிறு தளங்கள் அந்தச் சான்றிதழில்தான் ஓடுகின்றன. ஃபயர்ஃபாக்ஸ் தன் வேர்ப் பட்டியலைத் தானே சுமந்து வருவதால், ஏற்கெனவே அதில் இருந்தால் அந்தப் பிழை மட்டும் தீரும்.

வங்கிச் செயலிக்குள் பக்கம் வெள்ளையாக நின்றால், செயலிக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் பகுதியான வெப்வியூவைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 7, 8, 9-இல் பொதுவாகக் குரோமே வெப்வியூவாகவும் வேலை செய்யும். குரோமை டிசேபிள் செய்து வைத்திருந்தால் எனேபிள் செய்து ஏற்றுங்கள். 10 முதல் வெப்வியூ தனிச் செயலி, ப்ளே ஸ்டோரில் தனியாக ஏற்ற வேண்டும்.

#13 கோயில்_தளம்

நான் தளம் நடத்தும் பக்கத்திலிருந்து. எங்களைப் போலத் தடை போடுபவர்களும் சில திருத்தம் செய்ய வேண்டும். வெறும் 403 போட்டால் வருபவருக்கு எதுவும் புரியாது. "உங்கள் உலாவியின் எண் இது, இதற்குக் கீழே ஏற்பதில்லை, தவறாக நினைத்தால் இந்த மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி வையுங்கள். அந்த விளக்கப் பக்கம் எந்தத் தடைக்கும் உட்படக் கூடாது.

எண்ணை மட்டும் வைத்து மறுக்காதீர்கள். குரோம் 109-உம் ஃபயர்ஃபாக்ஸ் 115-உம் உண்மையான ஆட்கள் தங்கியிருக்கும் எண்கள். அவற்றுக்கு வேக வரம்பு வையுங்கள். நிமிடத்துக்கு இருபது முப்பது பக்கத்தை எந்த மனிதரும் படிப்பதில்லை, அதைத் தாண்டினால் நிறுத்துங்கள். குரோம் 90, 100 போன்ற எண்கள் விண்டோஸ் 10 என்று சொல்லிக்கொண்டு வந்தால் சந்தேகம் நியாயம், ஏனென்றால் அந்தக் கணினியில் குரோம் தானாகவே ஏறியிருக்கும். விண்டோஸ் 7-இல் ஓடும் 109-க்கு அந்த நியாயம் பொருந்தாது. திருவிழா தேதி, பூசை நேரம் மாதிரிப் பக்கங்களை யாருக்கும் திறந்தே விடலாம், சர்வருக்குச் சுமையே இல்லை.

பயனராக எழுதுபவர்கள் நாள், மணி, உலாவி எண், பிழைப் பக்கத்தின் அடியில் ரே ஐடி என்று இருந்தால் அந்த எண், இவ்வளவையும் அனுப்புங்கள். "திறக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் பதிவேட்டில் எங்கே தேடுவது?

#14 கிராணி_மேசை

மேலே எல்லாரும் அப்டேட் அப்டேட் என்கிறோம், ஆகவே இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் "உங்கள் உலாவி பழையது, இங்கே அழுத்துங்கள்" என்று தானே கோப்பை நீட்டினால் தொடாதீர்கள். போலி அப்டேட் என்பது நச்சுநிரல்காரர்களின் பழைய வித்தை. உண்மையான தளம் மறுக்கும், எண்ணைச் சொல்லும், தானே நிரல் கோப்பைத் தராது. கணினியில் அப்டேட் எப்போதும் உலாவியின் ஹெல்ப் மெனுவிலிருந்தோ தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும். இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் ஒட்டுங்கள் ஐயா.

#15 வாசகசாலை_மேசை

அனைவருக்கும் நன்றி. ஹாட்ஸ்பாட்டிலும் அதே 403, ஆகவே லைன் குற்றமில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 115-இல் விண்ணப்பப் பக்கம் திறக்கிறது, சுழலும் பெட்டியும் ஒரே டிக்கில் போகிறது. கட்டுரைத் தளம் இன்னும் மறுக்கிறது. பென்டிரைவ் மின்ட்டில் மூன்றும் திறக்கின்றன. நான்காம் கணினியின் தேதி 2009 ஜனவரி 1 என்று இருந்தது, பேட்டரி மாற்றியதும் பிழை போய்விட்டது.

நான்கில் மூன்று 64 பிட். பேட்டரி மாற்றிய அதே நான்காம் கணினி மட்டும் "நோ" என்கிறது. அதை என்ன செய்யலாம்?

#16 மின்னல்_அக்கா

மூன்றில் மின்ட் போடுங்கள், ஒவ்வொன்றாக. முதல் கணினி ஒரு வாரம் ஓடட்டும், பிறகு அடுத்தது. நான்காவதைச் சேமநிதிக்கும் வங்கிக்கும் இனித் திறக்காதீர்கள். இணைய ஒயரைக் கழற்றி, பிரிண்டரை அதில் மாட்டி, விண்ணப்பக் கடிதம் தட்டவும் அச்சடிக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றிலிருந்து கோப்பைப் பென்டிரைவில் பிடிஎஃப் ஆகக் கொண்டுவந்தால் தமிழ் எழுத்து உடையாமல் அச்சாகும்.